‘மோர் டாலர்’ ஏன் தவறு? ஆங்கில ஒப்பீட்டுப் பெயரடைகளைப் படிப்படியாக அமைக்கும் முறை

‘மோர் டாலர்’ என்று எழுதுகிறவருக்கு விதி தெரியாமல் இல்லை. இ-ஆர் சேர்க்க வேண்டும் என்று தெரியும், ‘மோர்’ என்றொரு சொல் இருப்பதும் தெரியும். எதை முதலில் பார்ப்பது, எங்கே நிறுத்துவது என்பதில்தான் தடுமாற்றம்.

தமிழில் ஒப்பிடும்போது பெயரடை மாறுவதே இல்லை. ‘ரவியைவிட உயரமானவன்’, ‘எல்லாரையும்விட உயரமானவன்’ இரண்டிலும் ‘உயரமான’ அப்படியே நிற்கிறது. ‘விட’ என்பதைச் சுமக்கும் பெயர்தான் வேலையைச் செய்கிறது. ஆங்கிலம் அந்த வேலையை மூன்று இடங்களுக்குப் பங்கிடுகிறது: பெயரடையின் உருவம், இணைப்புச் சொல், யாருக்குள் ஒப்பிடுகிறோம் என்ற எல்லை. கீழே உள்ள படிகள் இதே வரிசையில் போகின்றன. உருவத்தை முடிக்காமல், நம் ‘விட’வுக்கு ஈடான ‘தேன்’ என்ற இணைப்புச் சொல்லின் பக்கம் போக வேண்டாம்.

1. தொடங்குமுன்

ஒரு நோட்டும் பேனாவும் வேண்டும். இங்கே ஆங்கிலச் சொற்கள் எல்லாம் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஆங்கிலத்தில் நீங்களே எழுதிப் பாருங்கள். எழுத்துக்கூட்டல் கண்ணில் பட்டால் போதாது, கையில் பழக வேண்டும்.

ஆங்கில எழுத்துகளை அவற்றின் பெயராலேயே குறிப்பிடுகிறேன். குழப்பம் வராமல் இருக்க ஓர் ஏற்பாடு: ‘பஸ்’ஸின் முதலெழுத்து பி, ‘பேப்பர்’ சொல்லின் முதலெழுத்து பீ, ‘டாக்டர்’ சொல்லின் முதலெழுத்து டி, ‘டேபிள்’ சொல்லின் முதலெழுத்து டீ. இங்கே வரும் ‘டாலர்’ காசு அல்ல, ‘டால்’ என்பதன் அடுத்த படி. மோரும் தேனும்கூடச் சமையலறைச் சரக்கு அல்ல.

பெயர்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ‘டால்’ பாசிட்டிவ் டிகிரி, ‘டாலர்’ கம்பேரட்டிவ், ‘டாலஸ்ட்’ சூப்பர்லேட்டிவ். இரண்டில் ஒன்று கூடுதல் என்றால் கம்பேரட்டிவ். மூன்றோ அதற்கு மேலோ இருந்து ஒன்று உச்சியில் நின்றால் சூப்பர்லேட்டிவ்.

2. கையில் இருப்பது பெயரடைதானா?

இந்தப் படியைப் பலரும் தாண்டிவிடுகிறார்கள். ‘அவன் என்னைவிட உயரம்’ என்கிறோம். அதில் ‘உயரம்’ பெயர்ச்சொல். அதை அப்படியே கொண்டுபோனால் ‘ஹீ இஸ் மோர் ஹைட் தேன் மீ’ என்றுதான் வரும். ‘மோர் வெயிட்’, ‘மோர் ஸ்ட்ரெங்த்’ எல்லாம் இதே வழியில் வந்தவை. ‘ஹைட்’டுக்கு ‘டால்’, ‘வெயிட்’டுக்கு ‘ஹெவி’, ‘ஸ்ட்ரெங்த்’துக்கு ‘ஸ்ட்ராங்’ என்று முதலில் பெயரடைக்கு மாறுங்கள். பிறகுதான் ஒப்பீடு.

விலையைப் பற்றி எழுதும்போது கூடுதல் கவனம் தேவை. ‘தி ப்ரைஸ் இஸ் சீப்பர்’ என்று எழுதக்கூடாது. பொருள்தான் ‘சீப்பர்’, விலை ‘லோயர்’. கத்தரிக்காய் மலிவாகலாம், அதன் விலை குறையத்தான் செய்யும்.

அடுத்து, அந்தப் பெயரடை கூடவும் குறையவும் கூடியதா என்று பாருங்கள். ‘டெட்’, ‘டெய்லி’, ‘ஆனுவல்’ போன்றவற்றில் கூடுதல் குறைவுக்கு இடமில்லை. ‘யுனீக்’, ‘பெர்ஃபெக்ட்’ இரண்டையும் தேர்வுத்தாளில் ஒப்பிடாமல் விடுவதே பாதுகாப்பு. 1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரையிலேயே ‘எ மோர் பெர்ஃபெக்ட் யூனியன்’ என்று இருக்கிறது. ஆனால் விடைத்தாள் திருத்துகிறவரிடம் அதைச் சொல்லி மதிப்பெண் வாங்க முடியாது.

3. விதிக்கு அடங்காதவற்றை முதலில் ஒதுக்குங்கள்

சிலபிள், அதாவது சொல்லின் ஒலித் துண்டுகளை, எண்ணத் தொடங்குமுன் இதைச் செய்ய வேண்டும். பிந்தினால் ‘குட்’ ஒரு சிலபிள்தானே என்று அதற்கும் இ-ஆர் சேர்த்துவிடுவீர்கள். பட்டியல் சிறியது, மனப்பாடம் செய்துவிடலாம்.

‘குட்’, ‘பெட்டர்’, ‘பெஸ்ட்’. உடல்நலம் குறித்த ‘வெல்’லுக்கும் இதேதான்.
‘பேட்’, ‘வொர்ஸ்’, ‘வொர்ஸ்ட்’. ‘இல்’லுக்கும் இதேதான்.
‘லிட்டில்’, ‘லெஸ்’, ‘லீஸ்ட்’.
‘மச்’, ‘மெனி’ இரண்டுக்கும் ‘மோர்’, ‘மோஸ்ட்’.
‘ஃபார்’, ‘ஃபார்தர்’, ‘ஃபார்தஸ்ட்’. அல்லது ‘ஃபர்தர்’, ‘ஃபர்தஸ்ட்’. தூரத்துக்கு இரண்டும் சரி. ‘மேலும்’ என்ற பொருளுக்கு ‘ஃபர்தர்’ மட்டும்: ‘ஃபர்தர் டீடெய்ல்ஸ்’.

இவற்றில் தவறு வர நம் பேச்சுத் தமிழும் ஒரு காரணம். ‘அதைவிட இது பெஸ்ட்’ என்று நாள்தோறும் சொல்கிறோம். அது பழகிப்போய், எழுதும்போது ‘பெஸ்ட் தேன்’ என்று வந்து நிற்கிறது. ‘தேன்’ வந்தால் ‘பெட்டர்’தான். ‘சாப்பாடு வொர்ஸ்ட்’ என்பதும் அப்படியே. வெறுமனே மோசம் என்று சொல்ல ஆங்கிலத்தில் ‘பேட்’ போதும். ‘வொர்ஸ்’ கம்பேரட்டிவ், அதன் மேல் இன்னோர் இ-ஆர் ஏறாது. ‘மோர் பெட்டர்’ என்பதும் கிடையாது.

‘ஓல்ட்’ தனிக்கதை. ‘ஓல்டர்’, ‘ஓல்டஸ்ட்’ எல்லா இடத்துக்கும் பொருந்தும். ‘எல்டர்’, ‘எல்டஸ்ட்’ குடும்பத்துக்குள் மட்டும், அதுவும் பெயருக்கு முன்னால் மட்டும்: ‘மை எல்டர் பிரதர்’. அண்ணன், அக்கா என்று சொல்லிப் பழகிய நமக்கு இது அடிக்கடி தேவைப்படும். ஆனால் ‘ஷீ இஸ் எல்டர் தேன் மீ’ தவறு. ‘தேன்’ தேவைப்பட்டால் ‘ஓல்டர்’ என்று மாற்றுங்கள்.

கூட்டுச்சொற்களில் முன்பாதி மாறும்: ‘குட்-லுக்கிங்’ என்பது ‘பெட்டர்-லுக்கிங்’ ஆகும், ‘வெல்-நோன்’ என்பது ‘பெட்டர்-நோன்’ ஆகும்.

4. சிலபிளை எண்ணுங்கள், எழுத்தை அல்ல

இ-ஆரா, ‘மோர்’ஆ என்பதை முடிவுசெய்வது சொல்லின் ஒலி நீளம். ஒரு சொல்லில் எத்தனை உயிர் ஒலி கேட்கிறதோ அத்தனை சிலபிள். உயிரெழுத்துகளை எண்ணினால் ஏமாறுவீர்கள். ‘லார்ஜ்’ என்ற சொல்லில் ஏ, இ என்று இரண்டு உயிரெழுத்துகள் இருக்கின்றன, கேட்பது ஒன்றுதான்.

முகவாய்க்கு அடியில் கையை வைத்துச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள். தாடை எத்தனை முறை இறங்குகிறதோ அதுவே எண்ணிக்கை. ‘ஸ்மார்ட்’ ஒன்று. ‘ஹேப்பி’ இரண்டு. ‘எக்ஸ்பென்சிவ்’ மூன்று.

இங்கே தமிழ் நாக்கு மூன்று விதமாகக் காலை வாரும். சொல்லின் தொடக்கத்தில் இரண்டு மெய்கள் சேர்ந்து வந்தால் நடுவே ஓர் உயிரைச் செருகுகிறோம். ‘க்ளீன்’ என்பது ‘கிளீன்’ ஆகி இரண்டு சிலபிள்போலக் கேட்கிறது. எஸ்ஸுக்கு முன்னால் ‘இ’ போடுகிறோம், ‘இஸ்ட்ராங்’. சொல்லின் கடைசியில் ஓர் உகரம் சேர்க்கிறோம், ‘ஃபாஸ்ட்டு’. இந்த மூன்று சொற்களும் ஆங்கிலத்தில் ஒரே சிலபிள். ‘மோர் க்ளீன்’, ‘மோர் ஃபாஸ்ட்’ என்று எழுதுகிறவர் எண்ணிக்கையில் சறுக்கியிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

யாப்பிலக்கணம் படித்தவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சிலபிள் என்பது நம் அசை அல்ல. ‘மலர்’ நிரையசை, கணக்கில் ஒன்று. சிலபிள் கணக்கில் அது இரண்டு.

5. ஒரு சிலபிள் என்றால் இ-ஆர், இ-எஸ்-டீ

‘டால்’, ‘டாலர்’, ‘டாலஸ்ட்’. ‘சீப்’, ‘சீப்பர்’, ‘சீப்பஸ்ட்’. இதில் சிக்கல் எழுத்துக்கூட்டலில் மட்டும்தான். சொல்லின் கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கிப் பாருங்கள்.

கடைசி எழுத்து இ என்றால் ஆர் மட்டும், அல்லது எஸ்-டீ மட்டும் சேரும். ‘லார்ஜ்’, ‘நைஸ்’, ‘வைஸ்’ இப்படித்தான். ஏற்கெனவே ஓர் இ இருக்கிறது, இன்னொன்று வேண்டாம். ‘ஃப்ரீ’ கூட எஃப்-ஆர்-இ-இ-ஆர்தான். மூன்று இ வராது.

கடைசி மூன்று எழுத்துகள் மெய், உயிர், மெய் என்று வந்தால் கடைசி மெய் இரட்டிக்கும். ‘பிக்’ பி-ஐ-ஜி-ஜி-இ-ஆர் ஆகும். ‘ஹாட்’ எச்-ஓ-டீ-டீ-இ-ஆர். ஒல்லி என்ற பொருளில் வரும் ‘தின்’ என்பதற்கு என் இரண்டு, ‘சேட்’ என்பதற்கு டி இரண்டு, ‘வெட்’ என்பதற்கு டீ இரண்டு.

ஏன் இரட்டிக்கிறது என்று தெரிந்தால் மறக்காது. ஆங்கிலத்தில் இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒற்றை மெய் நின்றால் முன்னால் உள்ள உயிரைப் பெரும்பாலும் நீட்டியோ மாற்றியோ படிப்பார்கள். டி-ஐ-என்-இ-ஆர் ‘டைனர்’, என்னை இரட்டித்தால்தான் ‘டின்னர்’. ‘ஹாட்’டுக்கு ஒரே டீ போட்டால் ‘ஹோட்டர்’ என்று படிக்க நேரும். இரண்டாவது மெய், முன்னால் உள்ள குறில் குறிலாகவே நிற்க ஒரு முட்டுக்கட்டை.

அதனால்தான் ‘டீப்’, ‘கூல்’, ‘க்ளீன்’ இரட்டிப்பதில்லை. அவற்றில் ஏற்கெனவே இரண்டு உயிரெழுத்துகள் சேர்ந்து நிற்கின்றன. ‘ஃபாஸ்ட்’, ‘திக்’, ‘லாங்’ இரட்டிப்பதில்லை. கடைசியில் ஏற்கெனவே இரண்டு மெய்கள். ‘ஸ்லோ’, ‘லோ’, ‘நியூ’ மூன்றும் டபிள்யூவில் முடிகின்றன. அந்த டபிள்யூ மெய்யாக ஒலிப்பதில்லை, ஆகவே இரட்டிக்காது.

ஒய்யில் முடிந்து, அதற்கு முன் மெய் இருந்தால் ஒய் போய் ஐ வரும்: காய்ந்த என்ற பொருளுள்ள ‘ட்ரை’, டி-ஆர்-ஐ-இ-ஆர். கூச்சத்தைக் குறிக்கும் ‘ஷை’ மட்டும் பெரும்பாலும் ஒய்யை விடாது: எஸ்-எச்-ஒய்-இ-ஆர்.

ஒரு சிலபிளாக இருந்தும் ‘மோர்’ கேட்பவை சில உண்டு: ‘ரியல்’, ‘ரைட்’, ‘ராங்’, ‘ஃபன்’. வினையிலிருந்து பிறந்து இ-டியில் முடிபவையும் அப்படியே. ‘போர்ட்’, ‘டயர்ட்’, ‘ப்ளீஸ்ட்’ ஆகியவற்றுக்கு ‘மோர் போர்ட்’, ‘மோர் டயர்ட்’, ‘மோர் ப்ளீஸ்ட்’ என்றே எழுதுங்கள்.

6. இரண்டு சிலபிள்: இங்கேதான் நிதானம் வேண்டும்

ஒய்யில் முடிபவற்றுக்குச் சந்தேகமே வேண்டாம். ஒய் ஐ ஆகும், பிறகு இ-ஆர். ‘ஹேப்பியர்’, ‘ஈசியர்’, ‘ஹெவியர்’, ‘பிசியர்’. ‘மோர் ஈசி’ என்று எழுதினால் தவறு என்றே திருத்துவார்கள். ‘ஏர்லி’யும் ‘ஏர்லியர்’தான். ஆனால் ‘க்விக்லி’, ‘ஸ்லோலி’ போன்றவை பெயரடையோடு எல்-ஒய் ஒட்டிப் பிறந்த வினையடைகள். அவற்றுக்கு ‘மோர் க்விக்லி’, ‘மோர் ஸ்லோலி’. கடைசி ஒய்யைப் பார்த்ததும் கை ஐக்குப் போவது இயல்பு. செயலை விவரிக்கிறதா, பொருளை விவரிக்கிறதா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

எல்-இ, ஓ-டபிள்யூ, இ-ஆர் ஆகியவற்றில் முடிபவையும் பொதுவாக இ-ஆர் பக்கம்: ‘சிம்பிள்’, ‘ஜென்டில்’, ‘நேரோ’, ‘க்ளெவர்’. ‘சிம்பிள்’ ஏற்கெனவே இயில் முடிவதால் ஆர் மட்டும் சேரும். ‘சிம்ப்ளர்’ என்று சொல்ல வேண்டும், ‘சிம்பிளர்’ என்று மூன்றாக நீட்டக்கூடாது.

பின்னொட்டு தெளிவாகத் தெரியும் சொற்களுக்கு ‘மோர்’, ‘மோஸ்ட்’ மட்டும். ‘யூஸ்ஃபுல்’, ‘கேர்லெஸ்’, ‘ஃபேமஸ்’, ‘போரிங்’, ‘ஆக்டிவ்’ ஆகியவை இந்த வகை. பின்னொட்டின் மேல் இன்னொரு பின்னொட்டை ஏற்ற ஆங்கிலம் தயங்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘மாடர்ன்’, ‘ரீசன்ட்’, ‘கரெக்ட்’, ‘அஃப்ரெய்ட்’ ஆகியவையும் ‘மோர்’ பக்கம்தான்.

‘பொலைட்’, ‘காமன்’, ‘ஸ்டுபிட்’, ‘ப்ளெசன்ட்’, ‘ஹேண்ட்சம்’ போன்றவை இரண்டு வழியும் போகும். ‘பொலைட்டர்’, ‘மோர் பொலைட்’ இரண்டுமே சரி. இரண்டையும் சேர்த்து ‘மோர் பொலைட்டர்’ என்பது மட்டும் தவறு. ஒய்யில் முடியாத இரண்டு சிலபிள் சொல்லில் சந்தேகம் வந்தால் ‘மோர்’ போடுங்கள்; அநேகமாகத் தப்பாது. நல்ல மாணவர் அகராதிகளில் இ-ஆர் வடிவம் இருந்தால் சொல்லுக்குப் பக்கத்திலேயே கொடுத்திருப்பார்கள்.

7. மூன்றும் அதற்கு மேலும்

‘மோர் பியூட்டிஃபுல்’, ‘தி மோஸ்ட் எக்ஸ்பென்சிவ்’. அவ்வளவுதான். விலக்கு ஒன்று: இரண்டு சிலபிள் சொல்லின் முன்னால் ‘அன்’ சேர்ந்து மூன்றானவை பழைய வழியிலேயே போகலாம். ‘அன்ஹேப்பியர்’, ‘அன்டைடியஸ்ட்’.

குறைவைச் சொல்ல ‘லெஸ்’, ‘லீஸ்ட்’ உண்டு. அவை சிலபிள் பார்ப்பதில்லை. ‘லெஸ் எக்ஸ்பென்சிவ்’ இயல்பாக இருக்கும். ‘லெஸ் டால்’ காதுக்கு ஒட்டாது. ‘நாட் ஆஸ் டால் ஆஸ்’ என்றோ ‘ஷார்ட்டர்’ என்றோ எழுதுங்கள். ‘லெஸ் டாலர்’ எந்த நிலையிலும் இல்லை.

8. ‘தேன்’ எங்கே நிற்கும்

நம் வாக்கியத்தில் ‘விட’ பெரும்பாலும் முன்னால் வரும்: ‘தொட்டபெட்டாவைவிட ஆனைமுடி உயரமானது.’ சொல்வரிசையை அப்படியே பின்பற்றினால் தொட்டபெட்டாதான் முதலில் வரும், பொருள் தலைகீழாகும். யாருக்கு அந்தப் பண்பு கூடுதலோ அவரை முதலில் எழுதுங்கள். பிறகு ‘இஸ்’, பிறகு கம்பேரட்டிவ், பிறகு ‘தேன்’, கடைசியில் மற்றவர்: ‘ஆனைமுடி இஸ் ஹையர் தேன் தொட்டபெட்டா.’

எவ்வளவு கூடுதல் என்ற அளவு கம்பேரட்டிவுக்கு முன்னால் நிற்கும். ஆனைமுடி 2,695 மீட்டர், தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆகவே ‘58 மீட்டர்ஸ் ஹையர் தேன்’. ‘ஹையர் 58 மீட்டர்ஸ்’ என்று பின்னால் தள்ளக்கூடாது. வயதும் இப்படித்தான்: ‘டூ இயர்ஸ் ஓல்டர் தேன்’.

எழுத்தில் கவனம்: ‘தேன்’ என்பதில் ஏ, ‘பிறகு’ என்ற பொருள் தரும் ‘தென்’ என்பதில் இ. எழுத்துத் திருத்தும் மென்பொருளுக்கு இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் இந்தத் தவறு பல நேரம் தப்பிவிடும்.

‘தேன் மீ’யா, ‘தேன் ஐ’யா? பேச்சில் ‘தேன் மீ’ சாதாரணம். தேர்வில் ‘தேன் ஐ’யை எதிர்பார்ப்பவர்கள் உண்டு. ‘தேன் ஐ ஆம்’ என்று வினையோடு முடித்துவிட்டால் இரு தரப்புக்கும் பதில் ஆயிற்று.

‘சீனியர்’, ‘ஜூனியர்’, ‘சுப்பீரியர்’, ‘இன்ஃபீரியர்’ நான்கும் லத்தீனிலிருந்து வந்தவை. கடைசியில் உள்ள ஐ-ஓ-ஆர் அந்த மொழியின் கம்பேரட்டிவ் விகுதி. ஆகவே இவற்றுக்குப் பின் ‘தேன்’ வராது, ‘டு’ வரும்: ‘ஷீ இஸ் சீனியர் டு மீ.’ ‘ப்ரிஃபர்’ என்ற வினைக்கும் ‘டு’தான். ‘மோர் சுப்பீரியர்’ தவறு. ‘மோர் சீனியர் ஆஃபீசர்’ என்பது இன்றைய அலுவலக ஆங்கிலத்தில் புழங்குகிறது, தேர்வில் வேண்டாம்.

9. சூப்பர்லேட்டிவுக்கு ‘தி’யும் எல்லையும்

உச்சியில் இருப்பது ஒன்றே என்பதால் அது எது என்று தெரிந்துவிடுகிறது. அதைக் காட்டத்தான் ‘தி’. ‘மை’, ‘ஹிஸ்’, ‘ரவீஸ்’ போன்ற உடைமைச் சொல் முன்னால் இருந்தால் அந்த வேலை முடிந்துவிட்டது. ‘மை தி பெஸ்ட் ஃப்ரெண்ட்’ என்று இரண்டையும் போடக்கூடாது.

எல்லை இடமோ கூட்டமோ என்றால் ‘இன்’: ‘தி ஹையஸ்ட் பீக் இன் சவுத் இந்தியா’, ‘தி டாலஸ்ட் பாய் இன் தி க்ளாஸ்’. எண்ணக்கூடிய தொகுதியோ காலமோ என்றால் ‘ஆஃப்’: ‘தி டாலஸ்ட் ஆஃப் தி த்ரீ’, ‘தி ஹேப்பியஸ்ட் டே ஆஃப் மை லைஃப்’.

இரண்டே பேர் இருந்தால் ‘டாலஸ்ட்’ வேண்டாம். ‘தி டாலர் ஆஃப் தி டூ’. இந்த இடத்தில் கம்பேரட்டிவும் ‘தி’யைக் கேட்கும்.

‘ஒன் ஆஃப் தி’ வந்தால் அடுத்த பெயர் பன்மை: ‘ஒன் ஆஃப் தி பிக்கஸ்ட் சிட்டீஸ்’. ‘மிகப் பெரிய நகரங்களில் ஒன்று’ என்று தமிழிலும் பன்மைதான் சொல்கிறோம். ஆனாலும் ‘ஒன்’னைப் பார்த்ததும் ‘சிட்டி’ என்று ஒருமையில் எழுதிவிடுகிறார்கள். வினை மட்டும் ஒருமையில் நிற்கும்.

10. ‘ரொம்ப’வை எப்படிச் சொல்வது

‘ரொம்ப உயரம்’, ‘அவனைவிட ரொம்ப உயரம்’. நமக்கு இரண்டுக்கும் ஒரே ‘ரொம்ப’. ஆங்கிலத்தில் முதலாவதற்கு ‘வெரி டால்’, இரண்டாவதற்கு ‘மச் டாலர்’. ‘வெரி’ கம்பேரட்டிவோடு சேராது. ‘மச்’, ‘ஃபார்’, ‘எ லாட்’ மூன்றில் எதையும் போடலாம். சற்றே கூடுதல் என்றால் ‘எ லிட்டில்’, ‘எ பிட்’, ‘ஸ்லைட்லி’. சூப்பர்லேட்டிவை அழுத்திச் சொல்ல ‘பை ஃபார் தி பெஸ்ட்’.

11. ஒப்பிடும் இரண்டும் ஒரே இனமா?

உருவமெல்லாம் சரியாக வந்தபிறகும் மதிப்பெண் போவது இங்கே. ‘தி க்ளைமேட் ஆஃப் ஊட்டி இஸ் கூலர் தேன் சென்னை.’ இதில் ஊட்டியின் தட்பவெப்பத்தைச் சென்னை என்ற ஊரோடு ஒப்பிட்டிருக்கிறோம். தமிழில் கேட்பவர் புரிந்துகொள்வார். ஆங்கில இலக்கணத்தில் அது பிழை. ‘தேன் தட் ஆஃப் சென்னை’ என்று எழுதுங்கள். பன்மை என்றால் ‘தோஸ் ஆஃப்’. ‘தேன் சென்னைஸ்’ என்றாலும் சரி.

இன்னொன்று ‘அதர்’. ‘ஆனைமுடி இஸ் ஹையர் தேன் எனி பீக் இன் சவுத் இந்தியா’ என்றால், ஆனைமுடியும் தென்னிந்தியச் சிகரம் என்பதால், அது தன்னைவிடவே உயரம் என்று ஆகிவிடுகிறது. ‘எனி அதர் பீக்’ என்று எழுதி அதை விலக்க வேண்டும். தொகுதிக்கு வெளியே இருக்கும் பொருளை ஒப்பிடும்போது ‘அதர்’ வரக்கூடாது: எவரெஸ்ட் தென்னிந்தியாவில் இல்லை, ஆகவே ‘எவரெஸ்ட் இஸ் ஹையர் தேன் எனி பீக் இன் சவுத் இந்தியா’ சரி.

‘எனி அதர்’ என்பதற்குப் பின் ஒருமை, ‘ஆல் அதர்’ என்பதற்குப் பின் பன்மை.

12. மூன்று டிகிரிக்கும் மாற்றி எழுதுதல்

பள்ளித் தேர்விலும் போட்டித் தேர்விலும் கேட்பது இதுதான். முதலில் கொடுத்திருக்கும் வாக்கியம் எந்த வகை என்று முடிவுசெய்யுங்கள். ஒன்றே உச்சியில் இருக்கிறதா, உச்சிக் கூட்டத்தில் ஒன்றா, இரண்டு பேருக்கு நடுவிலா? வகை தெரியாமல் சொற்களை மாற்றத் தொடங்கினால் பாதியில் நிற்பீர்கள்.

ஒன்றே உச்சியில் இருந்தால்:
சூப்பர்லேட்டிவ்: ‘ஆனைமுடி இஸ் தி ஹையஸ்ட் பீக் இன் சவுத் இந்தியா.’
கம்பேரட்டிவ்: ‘ஆனைமுடி இஸ் ஹையர் தேன் எனி அதர் பீக் இன் சவுத் இந்தியா.’
பாசிட்டிவ்: ‘நோ அதர் பீக் இன் சவுத் இந்தியா இஸ் ஆஸ் ஹை ஆஸ் ஆனைமுடி.’

உச்சிக் கூட்டத்தில் ஒன்று என்றால்:
சூப்பர்லேட்டிவ்: ‘சென்னை இஸ் ஒன் ஆஃப் தி பிக்கஸ்ட் சிட்டீஸ் இன் இந்தியா.’
கம்பேரட்டிவ்: ‘சென்னை இஸ் பிக்கர் தேன் மோஸ்ட் அதர் சிட்டீஸ் இன் இந்தியா.’
பாசிட்டிவ்: ‘வெரி ஃபியூ சிட்டீஸ் இன் இந்தியா ஆர் ஆஸ் பிக் ஆஸ் சென்னை.’

இரண்டு வகையிலும் பாசிட்டிவில் சொல்லவந்த பெயர் கடைசிக்குப் போகிறது. ‘நோ அதர்’ என்று தொடங்கிவிட்டு மறுபடியும் ‘நாட்’ போடுவது அடிக்கடி நடக்கிறது; மறுப்பு ஒன்றுக்கு மேல் வேண்டாம். ‘ஆஸ்... ஆஸ்’ நடுவே நிற்பது பாசிட்டிவ் மட்டுமே, ‘ஆஸ் பிக்கர் ஆஸ்’ கிடையாது.

இருவருக்கு நடுவில் என்றால் சூப்பர்லேட்டிவ் வராது. ‘குமார் இஸ் டாலர் தேன் ரவி’ என்பது ‘ரவி இஸ் நாட் ஆஸ் டால் ஆஸ் குமார்’ ஆகும். பெயர்கள் இடம் மாறுகின்றன, மறுப்பு சேர்கிறது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் பொருள் புரண்டுவிடும்.

கடினமானது மறுப்புள்ள கம்பேரட்டிவ்: ‘ரவி இஸ் நாட் டாலர் தேன் குமார்.’ உடனே ‘குமார் இஸ் டாலர் தேன் ரவி’ என்று எழுதத் தோன்றும். ஆனால் இருவரும் ஒரே உயரமாகவும் இருக்கலாமே; மூல வாக்கியம் அதற்கு இடம் விட்டிருக்கிறது. ஆகவே பாசிட்டிவில் ‘குமார் இஸ் அட் லீஸ்ட் ஆஸ் டால் ஆஸ் ரவி’ என்று எழுதுங்கள். ‘அட் லீஸ்ட்’ விடுபட்டால் இருவரும் ஒரே உயரம் என்பதோடு வாக்கியம் நின்றுவிடும்.